நிவாரணப் பட்டியலும் வாக்காளர் பட்டியலும்



பேரவை ஆண்டு மலருக்குக் கட்டுரை தரலாம் என்று சுற்றறிக்கை வாசித்தவுடன், பக்கத்து பெஞ்ச் நண்பன் "தன்னம்பிக்கைன்னு தலைப்பு வச்சு எழுதுடா, கண்டிப்பா போட்டுருவாங்க" என்றான். தன்னம்பிக்கையைப் பற்றி எழுத வருஷா வருஷம் நாலு பேர் இருக்கிறார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. அது புயல். புயல் போன பிறகு எடுக்கிற பட்டியல். பட்டியல் முடிந்த பிறகு வருகிற தேர்தல். இந்த மூன்றும் ஒரே கயிற்றில்தான் கட்டியிருக்கிறது என்பது என் கருத்து. மறுக்கிறவர்கள் சிவில் மூன்றாம் ஆண்டு வகுப்புக்கு வந்து தாராளமாகச் சண்டை போடலாம்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை நான்கு மாவட்டமும் ஒரே ராத்திரியில் மொட்டையானது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. தென்னை எத்தனை விழுந்தது என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் எண் சொல்ல மாட்டார்கள், "நின்னது எத்தனைன்னு கேளு" என்பார்கள். நான் அப்போது ஆறாம் வகுப்பு. அப்பா தென்னை மரம் ஏறுகிறவர். எங்கள் வீட்டில் அதற்கு முன் பள்ளிக்கூடப் படிப்பை முடித்தவர் எவரும் கிடையாது.

அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. முழுவதும் சேதமான குடிசைக்கு 10,000 ரூபாய், பகுதி சேதமான குடிசைக்கு 4,100 ரூபாய். விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நண்பர்களே, 'முழு சேதம்' என்றால் என்ன, 'பகுதி சேதம்' என்றால் என்ன? இதை யார் சொல்வது?

இப்போது சிவில் படிக்கிறதால் இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். மண் சுவர் வைத்த கூரை வீடு ஒன்று. கீற்று முழுக்கப் பறந்துவிட்டது. மூங்கில் சாய்ந்துவிட்டது. நாலு பக்கச் சுவரும் நிற்கிறது. பார்க்கிறவருக்குப் பகுதி சேதம். ஆனால் அந்தச் சுவர் ஒரு ராத்திரி முழுக்க மழையில் ஊறிப் போயிருக்கிறது. ஊறின மண்சுவர் தன் பாரத்தையே தாங்காது. அடியில் கரைந்து, பத்து நாள் வெயில் பட்டதும் வெடித்து, பிறகு ஒருநாள் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடும். அதற்குள் கணக்கெடுத்தவர் போய்விட்டிருப்பார். எங்கள் வீட்டுக்கு அப்படித்தான் 4,100 என்று எழுதினார்கள். எங்கள் தெருவிலேயே இன்னொரு வீடு, எங்களுடையதைப் போலவே சுவர் நின்ற வீடு, 10,000 என்று எழுதப்பட்டது. காரணம் எங்கள் தெருவுக்கே தெரியும். கணக்கெடுக்க வந்தவர் தனியாக வரவில்லை. கூடவே கையில் ஒரு நோட்டோடு கட்சிக்காரர் ஒருவர் நடந்து வந்தார். எந்தக் கட்சி என்று எழுதப் போவதில்லை. அன்றைக்கு அந்தக் கட்சி, இன்னொரு நாள் இன்னொரு கட்சி, நோட்டு மட்டும் மாறுவதில்லை.

தென்னைப் பணமும் பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு. சரி, மரம் அவருடையது, வாங்கட்டும். அந்தத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்துத் தண்ணீர் இறைத்தவருக்கு எந்தக் காகிதமும் இல்லை. அதில் ஏறிக் காய் பறித்தவருக்குக் கேட்கவே வேண்டாம். தென்னம்பிள்ளை வைத்துக் காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். அத்தனை வருஷம் ஏற மரம் இல்லாதவரை எந்தப் படிவத்தில் எழுதுவது? அப்படி ஒரு கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை. அப்பா திருப்பூருக்குப் போனார்.

கட்டம் இல்லாத இடத்தில்தான் சிபாரிசு வந்து உட்காருகிறது. இதுதான் நான் சொல்ல வரும் விஷயத்தின் மையம். சட்டப்படி உனக்கு உண்டு, இல்லை என்று காகிதத்தில் தெளிவாக இருந்தால் நாம் யாரையும் கும்பிட வேண்டியதில்லை. தெளிவு இல்லாத போது 'அண்ணனைப் போய்ப் பாருங்க' என்பார்கள். அண்ணன் கொடுப்பது அரசாங்கப் பணம்தான். நம் வரிப்பணம்தான். தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிறோமே! ஆனாலும் அது அண்ணன் கையால் வந்ததால் அண்ணன் கொடுத்ததாக ஆகிவிடுகிறது. ஒரு வருஷம் கழித்து ஓட்டு கேட்டு வரும்போது அண்ணன் ஒன்றும் பேச வேண்டியதே இல்லை. வாசலில் வந்து நின்றால் போதும்.

ஒன்று கவனியுங்கள். எனக்கு 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. நம்மில் பல பேருக்கு வருகிறது. அரசுப் பள்ளியில் படித்தாயா, இப்போது மேலே படிக்கிறாயா, அவ்வளவுதான் கேள்வி. இதற்காக நான் எந்த அண்ணனையும் பார்க்கவில்லை. திட்டத்தை அறிவித்த அரசுக்கு அதனால் நல்ல பெயர் கிடைக்கலாம், கிடைக்கட்டும், அது நியாயமான அரசியல். ஆனால் எங்கள் கிளைச் செயலாளர் என்னிடம் வந்து "நான் போட்டு விட்டது" என்று சொல்ல முடியாது. வெள்ள நிவாரணத்துக்கும் இந்த 1,000 ரூபாய்க்கும் வித்தியாசம் இதுதான்.

இனி உள்ளாட்சிக்கு வருகிறேன். கஜா அடித்த அன்று தமிழ்நாட்டில் எந்தக் கிராமத்துக்கும் ஊராட்சித் தலைவர் கிடையாது. புயலில் அடித்துக்கொண்டு போகவில்லை! 2011-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் ஐந்து வருஷம் 2016 அக்டோபரோடு முடிந்தது. அந்த மாதம் நடக்க வேண்டிய தேர்தலின் அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, பழங்குடியினர் இடஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில். பிறகு வார்டு மறுவரையறை என்றார்கள், வழக்கு என்றார்கள், மூன்று வருஷம் போய்விட்டது. ஐந்து வருஷம் முடிவதற்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டத்தில் 243-ஈ பிரிவு இருக்கிறது. இருந்து என்ன? ஒன்றியத்து ஊராட்சிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அதிகாரியே தனி அலுவலர். அந்த அதிகாரி நல்லவராகவே இருக்கட்டும். முப்பது நாற்பது ஊரில் ஒரே நேரத்தில் மரம் விழுந்து கிடந்தால் அவர் எந்த ஊருக்குப் போவார்?

இன்னொரு வேடிக்கை. 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி மாவட்ட பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குக் கலெக்டர் தலைவர், மாவட்ட உள்ளாட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி இணைத் தலைவர். பேரிடரின்போது மக்கள் சார்பில் ஒருவர் உட்கார வேண்டும் என்று நினைத்துத்தான் அந்த நாற்காலியைப் போட்டார்கள். கஜா சமயத்தில் அந்த நாற்காலி நாலு மாவட்டத்திலும் காலி.

தலைவர் இல்லாத ஊரில் புயல் வந்தால் என்ன நடக்கும்? எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறாது. குளத்தில் மரமும் கீற்றும் அழுகி நாறுகிறது. அப்போது ஒருவர் டிராக்டரில் ஜெனரேட்டர் ஏற்றிக்கொண்டு வந்தார். ரோடு காண்டிராக்ட் எடுப்பவர். வந்து மோட்டாரை ஓட்டித் தொட்டியை நிரப்பினார். தொட்டி நிறைகிற நேரத்துக்குள் செல்போன் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று பலகையில் வரிசையாக பிளக் பாயிண்ட் வைத்திருந்தார். திருப்பூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற பிள்ளைகளோடு பேச ஜனங்கள் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. மூன்று நாளைக்கு ஒருமுறை வந்தார், டீசல் காசு வாங்கவில்லை. எந்தத் தெருவில் முதலில் தொட்டி நிறைய வேண்டும் என்பதை அவரே முடிவு செய்தார். எங்கள் தெரு எப்போதும் கடைசி.

2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. கஜா போய்ப் பதிமூன்று மாதம். புதிதாகப் பிரித்த மாவட்டங்கள் ஒன்பதை விட்டுவிட்டு 27 மாவட்டங்களில் நடந்ததில் எங்கள் டெல்டா மாவட்டங்கள் எல்லாம் உண்டு. ஊராட்சித் தலைவர் பதவிக்குக் கட்சிச் சின்னம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் என்ன, எங்கள் ஊரில் ஜெனரேட்டர்தான் சின்னம். அவருக்கு ஒதுக்கிய சின்னம் வேறு ஏதோ ஒன்று, அது எனக்கு ஞாபகம் கூட இல்லை. அவர் ஜெயித்தார். கடைசியாகத் தண்ணீர் கிடைத்த எங்கள் தெருவிலும் அவருக்கு ஓட்டு விழுந்தது. "கடைசியிலயாவது வந்துச்சுல்ல தம்பி" என்று பக்கத்து வீட்டு ஆயா சொன்னதில் எனக்குக் கோபம் வந்தது, ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த ஆயாவைக் குறை சொல்ல மாட்டேன். கலெக்டர் ஆபீஸ் எங்கே, ஆயா எங்கே! நேரில் பார்த்தது ஜெனரேட்டரை. அவர் மோசமான ஆள் என்றும் நான் சொல்லவில்லை. அந்த ஜெனரேட்டரை ஊராட்சியே வாடகைக்கு எடுத்து, எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தால், அவர் டிராக்டர் வாடகையை வாங்கிக்கொண்டு போயிருப்பார். அவ்வளவுதான்.

பெரிய தேர்தல்களிலும் இதே கதைதான், அளவுதான் வேறு. கலைஞர் கருணாநிதி 2018 ஆகஸ்டில் மறைந்ததால் திருவாரூர் தொகுதி காலியானது. 2019 ஜனவரி 28-ல் இடைத்தேர்தல் என்று தேர்தல் ஆணையம் அறிவித்தது. கஜா நிவாரண வேலை முடியவில்லை என்று மாவட்டத்திலிருந்து அறிக்கை போனதும் ஜனவரி முதல் வாரத்தின் முடிவில் அதே ஆணையம் ரத்து செய்தது. நிவாரணம் நடக்கும்போது தேர்தல் வைத்தால் ஒவ்வொரு அரிசிப் பையும் ஓட்டுக்கான லஞ்சமாகத் தெரியும், தேர்தல் வைத்தால் நடத்தை விதி வந்து நிவாரணமே நின்றுவிடும் என்ற இரண்டு பயமும் உண்மையான பயம்தான். ஆனால் தேர்தலைத் தள்ளி வைத்தால் மட்டும் பை லஞ்சமாகாமல் போய்விடுமா? அடுத்த மாதமே, பிப்ரவரி 11-ல், கஜாவையும் வறட்சியையும் காரணம் காட்டி 60 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்குத் தலா 2,000 ரூபாய் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. மார்ச் 10-ல் நாடாளுமன்றத் தேர்தல் தேதி வந்தது. கஜா அடிக்காத மாவட்டத்துக்கும் கஜா பணம்! கஜாவில் வீடு போனவனுக்கும் 2,000, கஜாவை டிவியில் பார்த்தவனுக்கும் 2,000.

இதனால் ஓட்டு விழுந்ததா என்றால், விழவில்லை. ஏப்ரலில் நடந்த தேர்தலில் தமிழ்நாட்டில் ஆளுங்கட்சிக் கூட்டணி ஜெயித்தது தேனி ஒன்றுதான். திருவாரூர் இடைத்தேர்தலிலும் தி.மு.க.தான் ஜெயித்தது. அதற்குப் புயல் மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், தமிழ்நாடு முழுக்கவே அன்றைக்குக் காற்று அந்தப் பக்கம் அடித்தது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது நிவாரணப் பொட்டலங்களில் முதலமைச்சர் ஜெயலலிதா படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியதைப் பற்றி நாடே பேசியது. 2016 மே மாதத் தேர்தலில் சென்னையின் 16 தொகுதிகளில் 10 தி.மு.க.வுக்குப் போனது. ஆனால் மாநிலத்தில் ஆட்சி மறுபடி அ.தி.மு.க.வுக்குத்தான் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு ரேஷன் கடையில் டோக்கன் கொடுத்து 6,000 ரூபாய் கொடுத்தார்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சிக்கு 2,000 ரூபாய் என்றார்கள். பார்வையிடப் போன அமைச்சர் மேல் விழுப்புரம் மாவட்டத்தில் சேற்றை வீசினார்கள். ஸ்டிக்கர் ஒட்டினால் ஓட்டு, சேறு விழுந்தால் தோல்வி என்று ஃபார்முலா மாதிரி மனப்பாடம் செய்ய முடியாது.

வெளிநாட்டிலும் பாருங்கள். 1979 ஜனவரியில் அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் பெரும் பனி கொட்டியது. தெருவில் பனியை அள்ள முடியவில்லை. அடுத்த மாதம் நடந்த கட்சி உள்தேர்தலில் மேயர் மைக்கேல் பிலாண்டிக் தோற்றுப் போனார், ஜேன் பைர்ன் என்ற பெண்மணி மேயரானார். 1970 நவம்பர் 12-ல் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் போலா புயல் லட்சக்கணக்கானவர்களைக் கொன்றது. மேற்கிலிருந்த ஆட்சி நிவாரணத்தில் காட்டிய மெத்தனம் அங்கே ஏற்கெனவே இருந்த கோபத்தில் எண்ணெய் ஊற்றியது. அடுத்த மாதத் தேர்தலில் அவாமி லீக் கிழக்கில் ஏறக்குறைய எல்லா இடங்களையும் பிடித்தது. 1971-ல் அது பங்களாதேஷ் என்ற தனி நாடே ஆகிவிட்டது. நம்ம ஊர் கிளைச் செயலாளர்கள் இந்த அளவுக்குப் பயப்படத் தேவையில்லை.

லைப்ரரியன் சார் உதவியோடு இரண்டு ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்துப் பார்த்தேன். ஆங்கிலம் கொஞ்சம் கண்ணைக் கட்டியது. ஒன்று இந்தியாவைப் பற்றியது, கோல், ஹீலி, வெர்க்கர் என்ற மூவர் 2012-ல் வெளியிட்டது. மழை தப்பினாலும் கொட்டினாலும் ஜனங்கள் ஆளுங்கட்சியைத் தண்டிக்கிறார்கள், வேகமாக நிவாரணம் கொடுத்தால் தண்டனை கொஞ்சம் குறைகிறது, அதுவும் தேர்தலுக்கு முந்தின ஒரு வருஷத்தில் நடந்ததுதான் கணக்கில் வருகிறது, அதனால் அரசாங்கங்களும் தேர்தல் வருஷத்தில்தான் தாராளமாகக் கொடுக்கின்றன என்கிறார்கள். இன்னொன்று அமெரிக்காவைப் பற்றி ஹீலியும் மல்ஹோத்ராவும் 2009-ல் எழுதியது. நிவாரணம் கொடுத்தவருக்கு ஓட்டு விழுகிறது, முன்கூட்டியே தடுப்பு வேலை செய்தவருக்கு விழுவதில்லையாம். தடுப்பில் போடும் ஒரு டாலர் பின்னால் வரும் சுமார் 15 டாலர் நஷ்டத்தைத் தவிர்க்கிறதாம்.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் ஊர் வடிகால் ஞாபகம் வந்தது. ஆடியிலேயே வாய்க்காலைத் தூர் வாரினால் ஐப்பசியில் தண்ணீர் தங்காது. தங்காத தண்ணீரை யார் படம் எடுப்பார்கள்? தங்கிய தண்ணீரில் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினால் நாலு பேப்பரில் படம் வருகிறது. தலைவர்கள் மட்டும் குற்றவாளி என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தூர் வாரினவருக்கு நம்மில் யாராவது மாலை போட்டிருக்கிறோமா?

நாம் என்ன கேட்கலாம் என்று என் புத்திக்கு எட்டியதை எழுதுகிறேன். சேதப் பட்டியல் முடிந்த மறுநாளே ஊராட்சி ஆபீஸ் சுவரில், ரேஷன் கடையில் ஒட்டப்பட வேண்டும், பெயர், சேதம், தொகை மூன்றும் தெரியும்படி. பிறகு கிராம சபையில் சத்தமாக வாசிக்க வேண்டும். இது புது யோசனை இல்லை. 2005-ல் வந்த வேலை உறுதிச் சட்டம் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. ரோட்டில் மண் வெட்டியதற்குத் தணிக்கை உண்டென்றால் வீடு விழுந்ததற்கு ஏன் கூடாது? எங்கள் தெருவிலும் அடுத்த வீட்டிலும் என்ன எழுதியிருக்கிறது என்று அன்றே தெரிந்திருந்தால் அங்கேயே நின்று கேட்டிருப்போம். நான் அந்த வயதில் தெருவுக்கே மனு எழுதிக் கொடுத்தேன், கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று கூப்பிடுவார்கள். ஒவ்வொரு மனுவிலும் 'பாதிக்கப்பட்டுள்ளேன், ஆவன செய்ய வேண்டுகிறேன்' என்று எழுதினேன். யாருக்கு எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்ற விவரம் கையில் இல்லாமல் வேறு என்ன எழுத முடியும்?

உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப் போடக்கூடாது என்பதும் இதனோடு சேர்ந்ததே. 2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது, அதற்கு முன்னால் தேர்தல் நடக்கவில்லை, மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். ஜெனரேட்டர்காரரை நான் எவ்வளவு விமர்சித்தாலும், தலைவரான பிறகு அவர் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போட எங்களால் முடிந்தது. ஒன்றிய ஆபீஸ் வாசலில் போய்ச் சத்தம் போட பஸ் காசு வேண்டும்.

நண்பர்களே, சேதக் கணக்கெடுப்பு ஒரு டெக்னிக்கல் வேலை. சுவர் நிற்குமா நிற்காதா, கம்பம் மறுபடி பயன்படுமா, மோட்டார் காயில் தண்ணீர் பட்டதா என்று பார்க்க நமக்குத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். சிவில், இ.இ.இ. இரண்டிலும் சேர்த்து இருபது பேர் பெயர் கொடுத்தால் ஒரு குழு போடலாம். புயல் வந்தால் அதிகாரியோடு கூட நோட்டு பிடித்து நடக்க கட்சிக்காரருக்குப் பதிலாக நம்மில் இரண்டு பேர், டேப்பும் கேமராவும் வைத்துக்கொண்டு. எந்த வீடு, எந்தச் சுவர், எவ்வளவு விரிசல் என்று இரண்டு பிரதி எழுதி, ஒன்றை அவரிடம் கொடுத்து, இன்னொன்றை அந்த வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். அனுமதி கிடைக்குமா என்று துறைத் தலைவரிடம் கேட்டேன். "எழுதிக் கொடு, பிரின்சிபால்கிட்ட பேசிப் பார்க்கிறேன்" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சர்வே லேபில் என்னைப் பார்க்கலாம், புதன்கிழமை மதியம் அங்கேதான் இருப்பேன்.

— மூன்றாம் ஆண்டு, சிவில்